ஞாபகக்காவும் மேற்படி ஆசாமிகளும்

"அந்த ஷூ காலுக்குச் சரியா இருக்கா சார்?" என்று ஹெட்போனில் கேட்டுவிட்டு, தன் குரல் அந்தப் பக்கம் போகாதபடி பொத்தானை அழுத்திக்கொண்டு, ஒரு வெள்ளரித் துண்டைக் கடிக்கிறார் ஞாபகக்கா.

"கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கு. போடப் போடச் சரியாயிடும்னு கடைக்காரன் சொன்னான்" என்கிறது எதிர்முனை. அப்படி ஒரு ஷூவைத் தான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று சற்று முன்புதான் அதே குரல் சத்தியம் செய்தது. ஞாபகக்காவுக்கு அவசரம் இல்லை. வெள்ளரியை நன்றாக மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசுகிறார். "ஒரு தடவ யோசிச்சுப் பாருங்களேன் சார். நீங்களே வாங்கிட்டு மறந்திருக்கலாம். நான்கூட அடுப்புல பாலை வெச்சுட்டு மறந்துடுவேன்."

"ஆமா மேடம்... இப்பதான் லேசா ஞாபகம் வருது."

இப்படி அவரிடம் பேசிய பலருக்கும் மறதி தெளிந்துவிடுவதால்தான் அந்தப் பட்டப்பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. வங்கியின் தொலைபேசிப் புகார்ப் பிரிவில் வேலை. "என் அட்டையில யாரோ பணம் எடுத்துட்டாங்க" என்று அழைப்பவர்களிடம் பேசி, உண்மையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் அழைத்தவர்களில் பெரும்பாலோர் நிஜமாகவே பறிகொடுத்தவர்கள். சமீப காலமாக ஒரு புது ரகம் புறப்பட்டிருக்கிறது. பொருளைத் தாங்களே வாங்குவார்கள், வீட்டுக்கு வந்ததும் பிரித்துப் பயன்படுத்துவார்கள், பிறகு வங்கியைக் கூப்பிட்டு "நான் வாங்கவே இல்லை" என்பார்கள். பணம் திரும்பி வந்தால் பொருள் இலவசம். இதை யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று அக்கா மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, மகள்தான் கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினாள். கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்ட ஓர் இளைஞன், இருமலுக்குக் கைவைத்தியம் சொல்கிற கரிசனத்தோடு, வங்கியில் எப்படிப் பொய் சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தான். கீழே ஒரே நன்றி மழை. "அண்ணா, எனக்கு வந்துடுச்சு" என்று சொந்தப் படத்தோடு எழுதியிருந்தார்கள்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருட்டைவிட அந்தப் படங்கள்தான் அவரைத் திகைக்க வைத்தன. கமுக்கமாகச் செய்ய வேண்டியதை இப்படிச் சிரித்த முகத்தோடு ஊருக்கே சொல்வார்களா? "பேங்க்காரன் பணம்தானேன்னு சொல்றாங்கம்மா" என்றாள் மகள். "அப்ப பேங்க்காரி நான் என்ன, நோட்டு மரமா வளக்கறேன்?" என்று அக்கா அன்று முழுக்கப் பொருமித் தீர்த்தார்.

அந்த இளைஞன் தன் சீடர்களுக்கு ஒரே ஒரு வாக்கியத்தை எழுதிக் காட்டியிருந்தான்: "மேற்படி பரிவர்த்தனையை நான் அங்கீகரிக்கவில்லை." சீடர்கள் அதைக் கிளிப்பிள்ளையாக ஒப்பித்தார்கள். அக்காவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நிஜமாகப் பணத்தைத் தொலைத்தவர் "ஐயோ போச்சு மேடம்" என்பார், அழுவார், யாரையாவது திட்டுவார். இலக்கணம் பார்த்துப் பேச அவருக்கு ஏது நேரம்? "மேற்படி என்று ஆரம்பித்தால் பொய்" என்று அக்கா கண்டுபிடித்தார். பிரிவில் எல்லோரும் அந்த ஆசாமிகளை மேற்படிகள் என்றே அழைக்கத் தொடங்கினார்கள். வீட்டிலும் அது பரவிவிட்டது. லிப்ட் பழுதுபார்க்கும் அவர் கணவர், டப்பா காலியாகும் நாட்களில் "மேற்படி பிஸ்கட்டுகளை நான் அங்கீகரிக்கவில்லை" என்று வாயைத் துடைத்துக்கொள்கிறார்.

மேற்படிகள் மேல் அக்காவுக்குப் பெரிய கோபம் கிடையாது. ஞாபகம் வந்தவர்களைச் சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவார். கடைசிவரை சாதிப்பவர்களுக்குத்தான் 'பொய்ப் புகார்' என்ற குறி. அது விழுந்தால் பணம் வராது, கணக்கையும் மூடிவிடுவார்கள், வேறு வங்கிகளிலும் எளிதில் சேர்க்க மாட்டார்கள். அதனால்தான் "கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி உள்ள யாராவது இருக்கீங்களான்னு ஒரு குரல் குடுக்கணும்ல" என்பார்.

மேலாளர் வயதில் சின்னவர், நல்ல பிள்ளை, எதைக் கண்டாலும் அதை வரைபடமாக்கிவிடத் துடிப்பவர். அக்காவின் கண்டுபிடிப்பைக் கேள்விப்பட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. இனி அழைப்பவர் மேற்படி என்று சொன்ன கணமே கணினியே பொய்ப் புகார்க் குறியைப் போட்டுவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்யத் தொடங்கினார். அது தயாராகும் வரை குறியை அவரவரே போட வேண்டும். அலுவலக இதழில் அக்காவின் படத்தோடு செய்தி வரும் என்றார். அக்கா அன்றே தலைக்கு மை பூசிக்கொண்டார்.

அந்த வாரம்தான் அந்த அழைப்பு வந்தது. "மேற்படி பரி... பரிவர்த்தனையை நான் அங்கீ... ஒரு நிமிஷம் மேடம்... அங்கீகரிக்கவில்லை" என்றது ஒரு வயதான ஆண் குரல். அவர் கணக்கில் வாங்கப்பட்டிருந்தது, வீட்டுக்குள்ளேயே நடைபயிலும் ட்ரெட்மில். அக்காவின் கை மவுஸுக்குப் போய்ப் பொய்ப் புகார்க் குறியைப் போட்டே விட்டது. அதுவரை ஒரு நாளும் அவர் கேட்காமல் குறி போட்டதில்லை. போட்ட பிறகு, வழக்கம் விடாமல், "தினமும் அதுல நடக்கறீங்களா சார்?" என்று வாயைப் பிடுங்கினார்.

"நடக்கறதா? நான் தபால்காரன் மேடம். நாள் பூரா நடக்கறதுதான் என் வேலை. சாயங்காலம் செருப்பைக் கழட்டினா, கட்டில் வரைக்கும் யாராவது தூக்கிட்டுப் போனா தேவலைன்னு இருக்கும். காசு குடுத்து மறுபடி நடப்பனா?"

அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் திரையில் இருந்த குறியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "அப்புறம் ஏன் சார் மேற்படின்னு ஆரம்பிச்சீங்க?"

"முன்னாடியே உங்க ஆபீசுக்குப் பேசினேன் மேடம். பணம் போச்சுன்னு அழுதேன். சரியா விவரம் சொல்லத் தெரியலைன்னு போனை வெச்சுட்டாங்க. அது என் சம்சாரத்துக்குப் பல்லு கட்ட வெச்சிருந்த பணம். இப்படிச் சொன்னாதான் பேங்க்ல காது குடுப்பாங்கன்னு கூட வேலை பாக்கறவர் ஒரு வீடியோ காட்டினாரு. தெருத் தெருவா நடக்கும்போது சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணினேன். தப்பா சொல்லிட்டனா? வேணும்னா மறுபடி சொல்றேன்."

"வேணாம் சார்" என்றார் அக்கா. "நீங்க சரியாத்தான் சொன்னீங்க."

விசாரித்துப் பார்த்ததில், ட்ரெட்மில் போய் இறங்கியது தபால்காரர் கேள்வியேபடாத ஓர் ஊரில். போட்ட குறியை எடுக்க வேண்டுமானால், மேற்படி என்றால் பொய் என்ற கணிப்பே பிழை என்று மேலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அக்கா தெரிவித்தார், கணினி ஏற்பாட்டையும் நிறுத்தச் சொன்னார். பணம் தபால்காரரின் கணக்குக்குத் திரும்பியது. அதைச் சொல்ல அக்காவே கூப்பிட்டபோது, வங்கி என்றதும் பதறிப்போன மனிதர் "மேற்படி பரிவர்த்தனையை" என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார். அவரை நிறுத்திப் புரியவைப்பதற்குள் அக்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மேலாளர் அக்காவின் மேசைக்கே வந்தார். "ஒரு தபால்காரருக்காக ஏற்பாட்டையே நிறுத்தணுமாக்கா? மத்ததெல்லாம் சரியாத்தானே வருது?"

"அவர் வேணும்னா மறுபடி சொல்றேன்னாரு சார்."

"மெஷினுக்கு அதெல்லாம் புரியாதேக்கா."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"அப்ப உங்க போட்டோ?"

"முடிக்கு மை பூசினது பூசினதுதான். வேற எதுக்காவது எடுத்துக்குங்க."

மேலாளர் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அடுத்த அழைப்பு வந்தது. ஹெட்போனுக்குள் ஒரு பெண் குரல் "மேற்படி" என்று தொடங்கியது. அக்கா ஹெட்போனைக் கழற்றி மேலாளரின் தலையில் மாட்டினார். தோளைப் பிடித்து அவரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு, மவுஸை அவர் கைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்தார்.