காணாமப் போன பத்துப் படி

கல்யாணச் சமையல்ல அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே ஆளைப் படுத்தி எடுக்குறது சாமான் லிஸ்ட்டுதான். மூணாம் பந்தி உக்காரும்போது அண்டாவை எட்டிப் பாத்து நெஞ்சு பதறுனவங்க யாராவது இருந்தா, என் பாடு புரியும். அறுபதுகள்ல தர்மபுரிப் பக்கம் அளக்குற படி போயி நிறுக்குற கிலோ வந்துச்சு. நான் லிஸ்ட் போடுறது படியில, கடைக்காரர் குடுக்கிறது கிலோவுல. நடுவுல கெடந்து அல்லாடுனது நான்.

ஒரே கணக்கு

கடைவீதியில எனக்கு வாடிக்கை ஒரு பாய் கடை. "அரிசி எட்டுப் படி, பருப்பு ரெண்டு படி, அவல் நாலு படி"ன்னு படிச்சேன். "படியைத்தான் எடுத்துட்டாங்களே, கிலோவுல சொல்லுங்க"ன்னாரு பாய். எனக்குத் தெரிஞ்சது அரிசிக் கணக்கு ஒண்ணுதான், படிக்கு ஒன்றரைக் கிலோ. எல்லாத்துக்கும் அதையே போடுங்கன்னுட்டேன். அவல் காத்தாட்டம் லேசுன்னு யோசிக்கல, ஆறு கிலோவும் பொதபொதன்னு மூட்டையா வந்து நின்னுச்சு. பாய் சிரிக்கக்கூட இல்ல.

"அண்ணே, இது சமையலுக்குங்களா, மெத்தை தைக்கிறதுக்குங்களா?"

ரெண்டு ஆழாக்கு

கடத்தூர்ல ஒரு நிச்சயதார்த்தம். அந்த மாதிரிக் கூட்டத்துச் சாம்பாருக்கு நான் எப்பவும் போடுறது கல்லுப்பு ரெண்டு ஆழாக்கு, அதாவது கால் படி. அன்னைக்கு வூட்டுக்காரங்க பவுசா டவுன்ல இருந்து தூளுப்பு வாங்கி வெச்சிருந்தாங்க. அதே ஆழாக்கால அதே ரெண்டு போட்டேன். கல்லுப்பு இடுக்கு விட்டு நிக்கும், தூளு அடைச்சுக்கிட்டு உக்காரும்னு இந்த மரமண்டைக்கு எட்டல. தண்ணி ஊத்தி ஊத்திப் பாத்தேன். சாம்பார் ரசமாச்சே தவிர உப்பு போகல. மாப்பிள்ளையோட பெரியப்பா ஒரு வாய் வெச்சுட்டு என்னை நிமிந்து பாத்தாரு.

"ஏங்க, கடல் ஒகேனக்கல் வரைக்கும் வந்துருச்சுங்களா?"

அத்தை அளந்தாங்க

அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவி, பேசி வெச்சிருந்த ரெண்டு கல்யாணம் கை நழுவிப் போச்சு. மிச்சம் அதியமான்கோட்டை சென்னப்பன் வூட்டுக் கல்யாணம் ஒண்ணுதான். இதுவும் கெட்டா கரண்டியைக் கீழ வெச்சுட வேண்டியதுதான். பயந்துபோயி அவங்க வூட்டுப் படியையே தூக்கிக்கிட்டு பாய் கடைக்கு ஓடுனேன். ஒரு படி அரிசியைத் தலை தட்டி, வாய் மட்டத்துக்கு அளந்து, தராசுல நிறுத்து, அந்தக் கணக்குல அறுபது படிக்கு மூட்டை எறக்குனேன்.

கல்யாணத்தன்னைக்குப் பொண்ணோட அத்தை, "நான்தான் அளப்பேன்"னு படியைப் புடுங்கிக்கிட்டாங்க. ஒண்ணுன்னு எண்ணாம "லாபம்"னு ஆரம்பிச்சு, ரெண்டு, மூணுன்னு கோபுரம் கோபுரமாக் குவிச்சு அளந்தாங்க. சுபகாரியத்துக்குத் தலை தட்டக் கூடாதாம். ஐம்பதுலயே மூட்டை காலி. ஐயோ, பத்துப் படியைக் காணோம்! அத்தனை கண்ணும் என் மேல. "கோபுரத்துலதாங்க அந்தப் பத்தும் இருக்குது"ன்னு கத்துனேன். யாரு கேக்குறா? திருட்டுப் பட்டமான்னு அழுகையே வந்துருச்சு.

ஒரு எடத்துல நிக்க முடியல. பந்திக்கும் அண்டாவுக்கும் நடையா நடந்தேன். நாலாம் பந்தியும் எந்திரிச்சாச்சு, அண்டாவுல இன்னும் சோறு கெடந்துச்சு. அப்பாடான்னு திரும்புனா, அத்தை ஏப்பம் விட்டுக்கிட்டு நிக்கிறாங்க.

"கை ருசியெல்லாம் நல்லாத்தான் இருக்குது, அந்தப் பத்துப் படியை மட்டும் நாளைக்குக் கொண்டாந்து குடுத்துருங்க."

அன்னைக்குச் சாப்பிட்டவங்க ஆறு கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டாங்க, ஆறு வூட்லயும் அரிசி ரூமுக்கு மொதல்லயே பூட்டுப் போட்டுட்டாங்க.