சந்தைப் பக்கத்துக்குப் போகாத செய்தி

கள்ளக்குறிச்சியில் பகுதிநேர நிருபராக இருந்தபோது, சென்னை அலுவலகத்தில் பங்குச் சந்தையும் ஆப்ஷன் வியாபாரமும் எழுதுகிற ஒருவருக்கு வாரம் தவறாமல் போன் செய்து செய்தி சொல்லிக்கொண்டிருந்தேன். மக்காச்சோளம் விலை சரிந்ததைச் சொன்னேன். மரவள்ளிக் கிழங்கு லாரிகள் ஆலை வாசலில் காத்துக் கிடப்பதைச் சொன்னேன். "இதுல மார்க்கெட் எங்க சார் இருக்கு?" என்பார். விலை சரிந்தால் அது மார்க்கெட் இல்லாமல் வேறென்ன? அலுத்துப்போய்விட்டது. ஆனாலும் அந்தப் பக்கத்தில் ஒருமுறையாவது என் பெயர் வர வேண்டும் என்ற ஆசை விடவில்லை.

அப்போதுதான் அக்கா வீட்டுக்காரர் விஷயம் தெரிந்தது. கல்வராயன் மலைக்குச் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். போனில் ஆப்ஷன் வாங்கி விற்க யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுகிற மாதிரி அது. சந்தை மூடுவதற்குள் விற்காவிட்டால் அன்றைக்கே செல்லாமல் போகிற ஆப்ஷனைக் காலையில் வாங்கிவிட்டுச் சவாரிக்குக் கிளம்பியிருக்கிறார். கரியாலூர் தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. அருவியில் குளிக்கப் போன கூட்டமோ கிளம்புவதாக இல்லை. விற்க வழியில்லாமல் மனிதர் போனைத் தூக்கிப் பிடித்தபடி பாறை பாறையாக ஏறியிருக்கிறார். இறங்கி வந்தபோது சந்தை மூடியிருந்தது. அதில் போட்டிருந்த அக்காவின் கரும்புப் பணம் மொத்தமும் போயிருந்தது.

"உங்கக்காகிட்ட மட்டும் சொல்லிடாத மச்சான். தெரிஞ்சா வூட்டுக்குள்ள சேக்க மாட்டா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாளே பெயர் சொல்லாமல் அதைச் சென்னைக்காரரிடம் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது, சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். அதற்கு முன் அவர் என்னைக் கூப்பிட்டதே கிடையாது.

"பிரமாதம் சார். உங்க பேர்லயே போடலாம். ஆளோட பேரு, வேன் பக்கத்துல நிக்கிற போட்டோ, சாயந்திரத்துக்குள்ள அனுப்பிடுங்க."

"பேரு இல்லாம போட முடியாதா சார்?"

"பேரு இல்லாட்டி யாரு சார் நம்புவாங்க?"

அக்கா வீட்டில் அந்தப் பேப்பர்தான் வாங்குகிறார்கள். நான் எழுதுகிறேன் என்பதற்காகவே வாங்குகிறார்கள். மதியம் முழுக்கப் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு கூப்பிட்டு, "விசாரிச்சேன் சார், அது உண்மையில்லையாம்" என்றேன்.

"இதெல்லாம் சொல்றதுக்கு முன்னாடி பாக்கணும் சார்" என்று வைத்துவிட்டார். அதன்பிறகு என் போனை அவர் எடுக்கவேயில்லை.

அந்த வாரமே மாமா என் வீட்டு வாசலில் வேனை நிறுத்தினார். முகம் தெளிந்திருந்தது. பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"மச்சான், மெட்ராஸ்ல மார்க்கெட் பத்தி எழுதுற ஆளு உனக்குப் பழக்கமாமே? நாளைக்கு இன்னா ஏறும்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."