விலாசம் உரிந்த பெட்டி

நேற்று மழையில் நனைந்த ஒரு பார்சலை டெலிவரிக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். சைகோனில், தாவோ தியென் பகுதியில் இருக்கும் எங்கள் அடுக்ககத்து வாசலில் நின்று அதை முகர்ந்துகொண்டிருந்தேன். பாவம், மனிதர் என்ன நினைத்தாரோ. ஈர அட்டையின் வாசனை எனக்கு முதல் வேலையின் வாசனை.

காரைக்காலிலிருந்து வந்த புதிதில் சைகோன் விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் சேர்ந்திருந்தேன். விமானத்தின் வயிற்றிலிருந்து அலுமினியக் கூண்டுகளை இறக்கி, டிராலியில் கோத்து இழுத்து வருவார்கள். பெட்டிகளை பெல்ட்டில் கொட்டி, லேபிள் மேலே தெரியும்படி திருப்பி வைப்போம். ஸ்கேனர் 'பீப்' என்றால் பெட்டி தன் ஊருக்கான சரிவில் இறங்கிவிடும். உள்ளூர் ஒரு பக்கம், ஹனோய் ஒரு பக்கம். பீப் வராதவை என் மேசைக்கு வரும். கிழிந்தது, கசங்கியது, மை கரைந்தது எல்லாம் என் பிள்ளைகள். என் கண்ணாடிக்கு அந்த மேசைதான் காரணம் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். வயது என்று யார் ஒப்புக்கொள்வது?

காரைக்குடிப் பக்கத்து முத்தையா அண்ணன் சுங்கத்தில் சரக்கை விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் குமாஸ்தா. கொட்டகைக்குள் வர பாஸ் உண்டு. அன்று மத்தியானம் அவர் வந்தது சொந்தப் பெட்டிக்காக. ஆஸ்பத்திரியில் கிடந்த மகளுக்கு இங்கே கிடைக்காத ஊசி மருந்து, சென்னையிலிருந்து ஐஸ் வைத்து வந்துகொண்டிருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள டாக்டர்கிட்ட குடுத்துரணும் ஆத்தா. அதுக்கு மேல ஐஸு தாங்காது."

விமானம் வந்தது, கூண்டு வந்தது, பெட்டி வரவில்லை. வெளியே நல்ல மழை. லேபிள் நனைந்து உரிந்திருக்கும், யாரோ குத்துமதிப்பாக ஹனோய்க் கூண்டில் போட்டிருப்பார்கள் என்று எனக்கு பயம். அந்தக் கூண்டு கிளம்பத் தயாராக நின்றது. அவிழுங்கள் என்றேன். சூப்பர்வைசர் கத்தினார். எனக்கு அப்போது வியட்நாமிய மொழி அரைகுறை. திட்டு புரியாததுபோல் நிற்க அது வசதியாக இருந்தது. கொட்டித் தேடினோம், இல்லை. அடுத்த கூண்டையும் அவிழ்க்கச் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும், பெட்டி இல்லாமல் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

கொட்டகை மூலையில் தரையோடு ஒரு சிவப்பு மாடம் இருந்தது. உள்ளே ஓங் தியா, மண்ணைக் காக்கும் தொந்திச் சாமி. இங்கே கடைக்குக் கடை உண்டு. முத்தையா அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். சாமிக்கு முன்னால் வாழைப்பழம், கறுப்புக் காபி, ஊதுபத்தி, ஒரு அட்டைப் பெட்டி. யாரோ வைத்த படையல் என்று கால் படாமல் தள்ளி உட்கார்ந்திருந்தார். நானும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பயபக்தியோடு சுற்றிக்கொண்டுதான் போனேன்.

பெல்ட் ஏன் நின்றது என்று கேட்டுக்கொண்டு ஸ்கேனர் பார்க்கும் ஹுவாங் வந்தாள். சொன்னேன்.

"லேபிளே இல்லாத பெட்டிய உங்க மேசைக்கு அனுப்பாம ஓங் தியாகிட்டதானே வைப்போம் அக்கா. தொலைஞ்சதைச் சேர்க்கிறவர் அவருதானே," என்றாள் அவள் மொழியில்.

அதன் பிறகும் அண்ணனுக்குக் கை வரவில்லை. "சாமிக்கு வச்சதை எப்புடி ஆத்தா எடுக்குறது?" ஹுவாங் பெட்டியைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். பிரித்தோம். ஐஸ் பாதி கரைந்திருந்தது, பாதி கெட்டியாக இருந்தது. மருந்துச் சீட்டில் மகள் பெயர். செருப்பைக்கூட மறந்து மழையில் ஓடினார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அன்று நான் அழுதது சந்தோஷத்தில்தான்.

அந்தக் கொட்டகை இப்போது இல்லை. புது இடத்தில் கேமராக்கள் பெட்டியின் ஆறு பக்கத்தையும் படித்துவிடுகின்றன. என் மேசையும் இல்லை, மாடமும் இல்லை. எங்களைவிட இயந்திரம் குறைவாகத்தான் தப்பு செய்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் பெட்டி வரவில்லை என்று ஒரு அப்பா வந்தால் கேட்டைத் தாண்ட முடியாது. தாண்டினாலும், கிளம்ப நிற்கும் கூண்டை அவிழுங்கள் என்று சொல்ல உள்ளே ஆள் இல்லை.