ஏழு மணிக்கு ருக்மணியக்கா

புதிய குடியிருப்புக்கு வந்த மறுநாளே வாசலில் ஒருவர் நின்றார். "கேபிளுங்களா, டிஷ்ஷுங்களா, இல்ல நெட்லயே பாத்துக்கறீங்களா?" நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். "எதையோ ஒண்ணு வெய்யி" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள். அவருக்கு அது சாதாரணக் கேள்வி. எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு ஒருமுறை பதில் சொல்லிவிட்டு நாங்கள் பட்டது அவருக்கு எப்படித் தெரியும்?

அப்போது அவிநாசிப் பக்கம் சின்ன ஊர் ஒன்றில் இருந்தோம். நான் பெருந்துறையில் ஒரு கம்பெனிக்கு பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் கேபிள் கொடுத்தவர் தங்கவேலு அண்ணன். அவர் வீட்டு முன்னறையில் ஒரு கேமரா, ஒரு மைக், பின்னால் நீலத் துணி. அதுதான் எங்கள் ஊர்ச் சேனல். பகல் முழுக்கக் கோயில் நோம்பித் திருவிழாவும் யார் வீட்டுச் சீரிலோ எடுத்த வீடியோவும் ஓடும். சாயங்காலம் ஏழு மணிக்கு அண்ணன் மனைவி ருக்மணியக்கா வந்து உட்காருவார்.

செய்தி வாசிப்பவர்களின் தமிழ் அவருக்கு வராது. "ஏனுங்க, எல்லாரும் சாப்புட்டீங்களா?" என்றுதான் தொடங்குவார். எந்த வீதிக்கு நாளைக்குத் தண்ணீர், யார் வீட்டில் கல்யாணம், யாருடைய ஆடு காணோம், கடைசியில் யார் தவறிப்போனார்கள். எல்லாம் முடிந்து எழும்போது, "அடுப்புல பால் வெச்சவங்க போய்ப் பாத்துக்குங்க" என்பார். ஊர் சிரிக்கும். அது எங்கள் அம்மாவுக்கு என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். பாலைப் பொங்கவிடுவதில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை; அக்கா அவளுடைய சிநேகிதி. டிவியைப் பார்த்தே, "இரு, உன்னை வந்து வெச்சுக்கறேன் அம்மணி" என்று அம்மா அடுக்களைக்கு ஓடுவாள்.

வீட்டில் நாங்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். அந்தத் தெலுங்கில் பாதி தமிழ் என்பது வேறு விஷயம். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்குத் திடீரென்று தாய்மொழிப் பற்று வந்துவிட்டது. கேபிளில் வந்த ஒரே தெலுங்குச் சேனலில் மழை பெய்யாத நாளிலும் மழை பெய்துகொண்டிருக்கும். டிஷ் வைத்தால் எல்லாம் கண்ணாடி மாதிரி தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "அவுங்க பேசற தெலுங்கு நமக்கு எங்கீங்க புரியுது? ருக்மணி என்ன நெனைப்பா?" என்றாள் அம்மா. "டிவி பாக்கறதுக்கும் ருக்மணிக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் அப்பா.

மொட்டை மாடியில் டிஷ் ஏறியது. தங்கவேலு அண்ணன் வந்து கேபிள் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனார். காப்பி வேண்டாம் என்றார், அவ்வளவுதான், ஒரு வார்த்தை கூடக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அம்மாவுக்கு அந்த வீட்டுப் பக்கம் போகக் கூச்சம். அக்காவும் வரவில்லை. கோபமெல்லாம் இல்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இரண்டு பேரும் இருந்துவிட்டார்கள். டிஷ்ஷில் ஊர்ச் சேனல் வராது. ஏழு மணியானால் அம்மா, பார்க்க ஒன்றுமில்லாமல், துணி மடித்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் வேலை முடிந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கினேன். கடைகள் பாதி அடைத்துக் கிடந்தன. பேக்கரிக்காரர் என்னைப் பார்த்து, "அம்மா காட்டுக்குப் போற வரைக்கும் இருந்தாங்களா கண்ணு?" என்றார். எனக்கு விளங்கவில்லை. ருக்மணியக்காவுக்குக் காலையில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்து, சற்று முன்புதான் சுடுகாட்டுக்கு எடுத்தார்கள் என்று அவர்தான் சொன்னார்.

வீட்டுக்கு எப்படி நடந்தேன் என்று நினைவில்லை. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். டிவியில் யாரோ சுத்தமான தெலுங்கில் அழுதுகொண்டிருந்தார்கள். நான் சொன்னேன். அம்மா வெங்காயத்தைத் தட்டில் வைத்தாள், கையை முந்தானையில் துடைத்தாள், வாசலுக்குப் போனாள். எதிர்வீட்டுக்காரி, "டிவில காலையிலிருந்து சொன்னாங்களேக்கா, நீங்க மொதல்லயே போயிருப்பீங்கன்னு நெனைச்சோம்" என்றாள். வீதி முழுக்க அப்படித்தான் நினைத்திருந்தது. அம்மா திரும்பி வந்து அப்பாவைப் பார்த்தாள். "மூஞ்சியக் கூடப் பாக்க முடியலீங்களே" என்றாள். அப்பா எழுந்து டிவியை அணைத்தார்.

மறுநாள் மூன்று பேரும் போனோம். அஸ்தி கரைக்கக் கொடுமுடிக்குக் கிளம்பத் தயாராக, முன்னறையில் தங்கவேலு அண்ணன் உட்கார்ந்திருந்தார். கேமராவின் மேல் ஒரு துண்டு போட்டிருந்தது. அம்மாவைப் பார்த்ததும், "நானேதானுங்கக்கா மைக்ல உக்காந்து சொன்னேன். நீங்க பாக்கலீங்களா?" என்றார். எங்கள் வீட்டில் கேபிள் இல்லை என்பதே அந்த நேரத்தில் அவருக்கு மறந்துபோயிருந்தது. அம்மா சுவரில் சாய்ந்து அழுதாள். அப்பாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கிளம்பும்போது அப்பா மெல்ல, "காரியமெல்லாம் முடியட்டும் தங்கவேலு. நம்மூட்டுக்கு மறுபடி லைன் குடுத்துரு" என்றார்.

"குடுக்கறனுங்கண்ணா," என்றார் அவர். "ஆனா ஏழு மணிக்கு இனிப் பாட்டுத்தான் போகுமுங்க."

அப்படியேதான் போனது. அம்மா அந்தப் பாட்டையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்பா அந்த நேரத்தில் டிவி இருக்கும் அறைக்கே வரமாட்டார். பிறகு கேபிளுக்கு வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வைக்கச் சொல்லி அரசு உத்தரவு வந்தது. தங்கவேலு அண்ணன் லைன்களைப் பெரிய ஆட்களிடம் விட்டுவிட்டு மகள் வீட்டுக்கே போய்விட்டார். சேனலும் நின்றது. அந்த முன்னறையில் இப்போது செல்போன் கடை இருக்கிறதாம். அக்கா பேசியதெல்லாம் நேரடியாகப் போனது. ஒரு கேசட்டிலும் அவர் குரல் இல்லை.

இப்போதும் ஊரில் யாராவது தவறினால் உடனே தெரிந்துவிடுகிறது. பூமாலை போட்ட படம் போனில் வருகிறது. பஸ்ஸில் நின்றபடியே கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பிவிடுகிறேன். இன்னார் மகள், இந்த வீதி, இத்தனை மணிக்கு எடுக்கறாங்க, கண்டிப்பா வந்துருங்க என்று கூப்பிடத்தான் யாருமில்லை.