முகிலன் தலையில் ஒரு மிதி

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் யோசிக்க வரும்.

1. அம்மாவுக்குப் பங்காக வந்த விளையில், அதாவது தோட்டநிலத்தில், ஒரு பழைய கோட்டைச் சுவர் நின்றது.
2. அது முகிலன் கோட்டை, அந்த மண் விளங்காது என்று பயமுறுத்தி, அம்மாவின் அண்ணன் அதை அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்கினார்.
3. வாங்கிய கையோடு சுவரை வெட்டி விற்றார். மிச்சக் கல்லில் அங்கேயே வீடு கட்டினார்.
4. அதற்குள் நான் சர்வே படித்து முடித்திருந்தேன்.
5. மாமாவின் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்குப் போனேன்.

இன்று காட்டாக்கடைப் பக்கம் ஒரு சைட்டில் ஜேசிபி வெட்டுகல் செம்பாறையைச் சுரண்டியது. மழையில் நனைந்த வெட்டுகல்லுக்குத் துருவும் ஈரச்சாக்கும் கலந்த ஒரு மணம் உண்டு. லெவல் பார்த்துக்கொண்டிருந்தவள், அந்த மணத்தோடு நினைவில் எங்கள் ஊர் பாறசாலைக்குப் போய்விட்டேன்.

எங்கள் சுவருக்கும் அதே மணம்தான். பள்ளிக்கூடம் விட்டதும் பையை எறிந்துவிட்டு ஓடுவேன். மதில் உச்சியில் கொல்லாமரம் என்கிற முந்திரி முளைத்திருக்கும். மரநாய் நாற்றம் அடிக்கும். வாசல் இருந்த இடம் என்று ஒரு இடைவெளி; அதற்குள் நுழைந்தால் வவ்வால்கள் கலையும். முகிலன் என்றால் முகிலில் ஏறி வருகிறவன் என்று நெடுநாள் நம்பினேன். வானம் இருண்டால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அவன் மேகமல்ல, முகலாயன் என்பது பின்னால்தான் விளங்கியது. தெற்கே தோவாளை வழியாகக் குதிரைகளோடு வந்தான், கொஞ்சகாலம் வரி பிரித்து எங்கள் நாட்டை ஆண்டான், கடைசியில் குளவி கொட்டிச் செத்தான் என்பது எங்கள் பக்கத்துக் கதை.

அவனை ஊர் மன்னிக்கவில்லை. யார் புதுவீடு கட்டினாலும் அந்தச் சுவரில் ஒரு கல்லைப் பெயர்த்து வந்து முதல் படியாகப் போடுவார்கள். பால்காய்ச்சன்று வருகிறவர்கள் எல்லாரும் இடதுகாலால் அதை ஓங்கி மிதித்துவிட்டு, எங்கள் பேச்சில் சவுட்டிவிட்டு, வலதுகாலை வீட்டுக்குள் வைக்க வேண்டும். சின்ன வயதில் நான் மிதித்த மிதியில் குதிகால் வீங்கியிருக்கிறது.

மாமா அம்மாவிடம் பேசியது நினைவிருக்கிறது. "முகிலன் கெடந்த மண்ணாக்கும். சவுட்டலாம், குடியிருக்கப்பிடாது. பொம்பளப்பிள்ளய வச்சிருக்கிய. எனக்குத் தந்திரு, தோஷத்த நான் ஏத்துக்கிடுதேன்." அம்மா கையெழுத்துப் போட்டாள். தோஷத்தை ஏற்றுக்கொண்டவருக்கு அடுத்த மாதமே லாரி வந்தது. லாரி போன பாதையில் நின்று நான் கல் எண்ணியது கிடையாது. ஆனால் ஒவ்வொரு லாரியையும் பார்த்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழகிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி மாமாவிடம் விளையை அளக்க அனுமதி கேட்டேன். சிரித்தார். "அளந்து பாரு. முகிலன்க்க பொதையல் கிட்டினா பாதி எனக்காக்கும்." கூட வேலைபார்த்த பிரின்சி ஞாயிறு ஆராதனை முடிந்து, பட்டுச்சேலையோடு வந்து எனக்கு அளவுக்கம்பு பிடித்தாள்.

"ஏட்டி, நீ கோட்டைய அளக்கியா, மாமாக்க சவப்பெட்டிய அளக்கியா?"

"ரெண்டுக்கும் ஒரே அளவுதான். அசையாம பிடி."

சுவர் போனாலும் அடித்தடம் போகவில்லை. அதையொட்டி ஓர் அகழி, ஒரு பக்கம் மட்டும். எந்தப் பக்கம் என்று பார்த்தவள், கருவியைத் திரும்ப நிறுத்தி இன்னொரு முறை பார்த்தேன். தெற்குப் பக்கம். எதிரி வருகிற திசையில்தான் அகழி வெட்டுவார்கள். முகிலன் வந்ததோ தெற்கிலிருந்து.

வீடு முடியும்வரை நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பால்காய்ச்சன்று மாமா வெள்ளை வேட்டியில் வாசல்நடையில் நின்றார். முற்றம் நிறைய ஆள். "வா மக்கா, முகிலன்க்க தலையில சவுட்டிக் கேறி வா."

நான் கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றேன். "இது முகிலன்க்க கல்லு இல்ல மாமா."

"பின்ன?"

"அவன் தெக்க இருந்து வந்தான். அகழியும் தெக்கதான் கெடக்கு. அவனத் தடுக்கதுக்கு நம்ம ஆளுவ கட்டின சுவராக்கும். அங்க நின்னு செத்ததும் நம்ம ஆளுவதான். நீங்க சவுட்டச் சொல்லுகது அவங்க தலைய."

பின்னால் காலைத் தூக்கியிருந்த ஒரு பெரியவர் அப்படியே இறக்கினார். "அப்பம் எங்க வீட்டு நடையில கெடக்கது?" என்று யாரோ கேட்டார். ஒவ்வொருவராகக் கல்லை விட்டுவிட்டுச் சமையற்கட்டு வழியாகச் சுற்றி உள்ளே போனார்கள்.

மாமா குரலைத் தாழ்த்தினார். "இதச் சொல்லதுக்கு இண்ணைக்குத்தான் நாள் கிட்டிச்சா ஒனக்கு?"

"அம்மாட்ட எழுதி வாங்க நீங்களும் நல்ல நாள் பாத்துத்தானே வந்திய மாமா."

ஓர் அகழி போதுமா சாட்சிக்கு என்று நீங்கள் கேட்கலாம். ஆராய்ச்சிக்குப் போதாது. பால்காய்ச்சுக்குப் போதும்.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாம் மக்கா" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, இரண்டாவது முறையும் பாயசம் வாங்கிக் குடித்தாள்.

இப்போது நிலைமை இது. ஊரில் எல்லாரும் தங்கள் நடைக்கல்லைப் பெயர்த்துவிட்டார்கள்; சிலர் கோயில் ஆலமரத்தடியில் வைத்தார்கள், சிலர் ஆற்றில் போட்டார்கள். பழிவாங்குகிறோம் என்று தலைமுறை தலைமுறையாகச் சுமந்துபோனது போக மிஞ்சியதை மாமா விற்றுவிட்டதால், சுவர் என்று எதுவும் இல்லை. அகழியை மாமா மண்ணிட்டு மூடி வாழை வைத்திருக்கிறார். விளை அவர் பெயரில்தான் இருக்கிறது. அம்மா அந்த வழியே போவதில்லை. நான் போவேன். வேலியருகே நின்று, குலை எப்படி இருக்கு மாமா என்று விசாரிப்பேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய்விடுவார்.