சவ்வு டீச்சரின் வாசல்

உயிரியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சவ்வு. செல் சவ்வுப் பாடத்தை அவர் அப்படி இழுத்ததில் வந்த வினை. வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி, மீதிப் பேர் தூக்கம். பட்டப்பெயர் காதில் விழுந்தால் டீச்சர் கண்டுகொள்ளமாட்டார். தூங்கி வழியும் முகங்களைப் பார்த்தால்தான் வயிறு எரியும்.

ஒருநாள் தலைமையாசிரியை கூப்பிட்டு, கல்வி அதிகாரி வரப்போகிறார், அவர் எதிரிலும் பிள்ளைகள் தூங்கி விழுந்தால் உயிரியலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு உங்களை நூலகத்தில் உட்காரவைத்துவிடுவேன் என்று பட்டென்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த டீச்சர் அடுப்பில் பாலை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பாடம் நடத்தாத ஒரு வாழ்க்கையை நினைக்கவே பயமாக இருந்தது.

கணவர் தையல்காரர். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். பொத்தானிலிருந்து இரண்டு நூல் தொங்கியது. ஒரு தலை, இரண்டு வால். சவ்வில் இருக்கும் கொழுப்பு மூலக்கூறு அச்சு அசல் இப்படித்தான். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வால்களுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. அதனால் இரண்டு வரிசையாக நின்று, தலைகளை இருபுறமும் தண்ணீருக்குக் காட்டி, வால்களை நடுவில் ஒளித்துக்கொள்ளும். டீச்சர் கணவரை எழுந்திருக்கச் சொல்லி, தன் முதுகுக்கு முதுகு காட்டி நிறுத்தி, இரண்டு கைகளையும் வால் மாதிரி பின்பக்கம் நீட்டச் சொன்னார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

அதிகாரி வரும் நாளன்று ஆய்வகத்தின் இரட்டைக் கதவைத் திறந்துபோட்டு, வாசலை அடைத்துப் பிள்ளைகளை அப்படியே இரண்டு வரிசையாக நிறுத்தினார். ஒரு வரிசைக்கு முகம் வராந்தாப் பக்கம், மறுவரிசைக்கு உள்பக்கம். நடுவில் இரண்டு பேர் கதவு மாதிரி, அவர்கள் புரதம். ஆக்சிஜன் பொடியன், எந்த இடுக்கிலும் நுழையலாம். சர்க்கரை பெரிய ஆள், புரதம் திறந்துவிட்டால்தான் வரலாம். மற்ற யாரையும் விடக்கூடாது என்று கறாராகச் சொன்ன டீச்சர் ஒன்றை மறந்துவிட்டார். அதிகாரிக்கும் அதுதான் வாசல்.

வந்தார். பின்னாலேயே தலைமையாசிரியை. சவ்வு அசையவில்லை.

“நீங்க யாரு சார்? ஆக்சிஜனா, சர்க்கரையா?” என்று புரதம் கேட்டது.

“நான் அதிகாரி.”

“அப்படி ஒண்ணு பாடத்துல இல்லையே சார்.”

உள்ளே இருந்த டீச்சர் வாசலுக்கு ஓடிவந்தார். விலகுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சவ்வு கிழிந்தால் செல் செத்தது என்று சற்றுமுன்தான் சொல்லியிருந்தார். கொட்டாவி விட்ட முகங்களெல்லாம் கண் கொட்டாமல் காவல் நிற்கின்றன. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகையே வந்தது. வந்தது வரட்டும் என்று துணிந்தார்.

“சார், சர்க்கரைன்னு சொல்லிடுங்க. இல்லேன்னா விடமாட்டாங்க.”

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, சர்க்கரை என்றார். புரதம் வெளிப்பக்கம் திறந்து அவரை வாங்கிக்கொண்டது, பின்னால் மூடியது, பிறகு உள்பக்கம் திறந்தது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கூடவே நுழையப் பார்த்த தலைமையாசிரியை வராந்தாவிலேயே மாட்டிக்கொண்டார். சர்க்கரை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மணி அடித்தது. மணிச் சத்தம் ஓயுமுன் காலியாகிவிடும் வகுப்பு அது. இன்று ஒரு பிள்ளைகூட நகரவில்லை. தலைமையாசிரியை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பிள்ளைகளின் தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னார்.

“டீச்சர், நானும் சர்க்கரைதான். நூலகத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். திறக்கச் சொல்லுங்க.”