வெர்னர் வருகிறானா, போகிறானா?

டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு டிக்கெட்டைத் தவிர மற்ற எல்லாமே தெரிந்திருக்க வேண்டும் என்பது பொதுஜன அபிப்பிராயம். ரயில்வே கவுண்டரிலோ சினிமாக் கொட்டகையிலோ அப்படி உட்கார்ந்து அவதிப்பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், லான் நதிக்கரையில் ஒரு ஜெர்மன் பல்கலைக்கழக ஊரில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் உள்ளூர்க் கூடைப்பந்துச் சங்கத்துக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். ராமசாமி என்ற என் பெயரில் பாதியைத் தங்கள் வசதிக்காகத் தள்ளிவிட்டு 'ஹெர் ஸாமி', அதாவது திருவாளர் சாமி, என்று கூப்பிடுவார்கள்.

ஐந்து முட்டை

என் போதாத காலம், நான் குடியிருந்தது கெல்லர் அம்மாள் வீட்டு மாடியறையில். அவருடைய ஒரே மகன் வெர்னர். வயது பத்தொன்பது, உயரம் இரண்டு மீட்டருக்கு மேல், சங்கத்தின் இளைஞர் அணியில் ஆட்டம். அந்த வசந்தத்தில் பள்ளிப் படிப்பை முடிக்கிறான். அமெரிக்காவில் ஒரு கல்லூரி, எங்களுக்கு ஆட வா, படிப்புச் செலவு எங்களுடையது என்று கடிதம் போட்டிருந்தது. எங்கள் சங்கமோ, இங்கேயே படி, பெரியவர்கள் அணியில் ஆடு என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. அணி அந்த வருஷம் கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் மயிரிழையில் தப்பியிருந்தது. வெர்னர் வந்தால் அடுத்த வருஷமும் பிழைக்கும், இல்லையென்றால் கீழ்ப் பிரிவுதான் என்று ஊரே பேசியது. கணவரை இழந்த கெல்லர் அம்மாளின் கவலை வேறு. மகன் போய்விட்டால் கீழ்வீட்டில் அவர் மட்டும்தான். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, மகனிடமும்கூட.

வெர்னர் என்ன முடிவு செய்தான் என்று ஊர் என்னைப் பிடித்துக்கொண்டது. அதிலும் லிண்ட்னர் என்று ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர், ஒரு ஆட்டத்தையும் விடாதவர், டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நகரவே மாட்டார். பையன் இன்று காலையில் என்ன சாப்பிட்டான் என்று ஒரு நாள் விசாரித்தார். ஐந்து முட்டை என்றேன். திரும்பி நின்று, வரிசை முழுவதற்கும் கேட்கும்படி அறிவித்தார்: "அப்ப இங்கதான் இருப்பான். ஊரை விட்டுப் போற கவலை இருக்கிறவன் மூணுக்கு மேல சாப்பிட மாட்டான்."

நான் சொன்ன 'வரேன்'

நம் ஊரில் கிளம்புகிறவன் 'போறேன்' என்று சொல்வதில்லை, 'வரேன்' என்பான். எனக்கு ஜெர்மன் பேசும்போதும் அதுதான் வாயில் வந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு 'அல்ஸோ, இஹ் கொம்மெ' என்பேன். 'அப்ப நான் வரேன்' என்பதை அப்படியே தூக்கி வைத்தது. ஜெர்மன்காரருக்கு அதன் அர்த்தம் இதோ வந்துகொண்டிருக்கிறேன் என்பது மட்டுமே.

ஒரு சனிக்கிழமை, அரங்கத்து உணவகத்தில் காப்பி வாங்கித் தருவதாக லிண்ட்னர் கூப்பிட்டார். எனக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை கிடந்தது. ஒரு கும்பிடு போட்டு 'இஹ் கொம்மெ' என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டேன். அடுத்த சனிக்கிழமை மனுஷர் ஜன்னலுக்குள் தலையை விட்டார். "ரெண்டு கப்பையும் நானே குடிச்சேன், ஹெர் ஸாமி. உங்க ஊர்ல வரேன்னா எந்தக் கிழமைன்னு அர்த்தம்?"

வெர்னர் சொன்ன 'வரேன்'

இந்தக் கூத்தை நான் வீட்டில் சொல்ல, வெர்னருக்கு அது பிடித்துப்போயிற்று. அன்று முதல் வெளியே கிளம்பும்போதெல்லாம் என்னைப் பார்த்து 'இஹ் கொம்மெ' என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவான்.

சீசனின் கடைசிச் சனிக்கிழமை, தன் முடிவைச் சொல்லச் சங்கத் தலைவரின் அறைக்குள் போனான். ஜன்னலுக்கு முன்னால் வரிசை டிக்கெட்டை மறந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. பத்து நிமிஷத்தில் வெளியே வந்தவன், நேராக என் ஜன்னலுக்குக் குனிந்தான். கண் கலங்கியிருந்தது. 'இஹ் கொம்மெ, ஹெர் ஸாமி' என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தான்.

அணிக்குத்தான் வருகிறான் என்று வரிசை ஆரவாரம் செய்தது. லிண்ட்னர் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத அம்மாளைக் கட்டிக்கொண்டார். ஆளாளுக்கு அடுத்த வருஷ சீசன் டிக்கெட்டுக்குக் கை நீட்டினார்கள். பையனின் கண்ணைப் பார்த்த எனக்கு மட்டும் விஷயம் புரிந்தது. அவன் சொன்னது நம் ஊர் 'வரேன்' என்று நான் அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். தைரியமில்லாமல் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே இருந்தேன். திங்கட்கிழமைப் பத்திரிகையில், வெர்னர் அமெரிக்கா போகிறான் என்று போட்டுவிட்டார்கள். டிக்கெட்டும் கையுமாக வந்தவர்களிடம், போகிறவன் திரும்பி வருவேன் என்று சொல்வதுதான் அந்த வார்த்தை என்று விளக்கினேன். லிண்ட்னர் தன் டிக்கெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சட்டைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார். "சரி, நான் திருப்பித் தரலை. எந்த வருஷம்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

ரொட்டிக் கடையில்

எல்லோரும் லிண்ட்னர் ஆகிவிட முடியுமா? எதிரே வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் உண்டு. கெல்லர் அம்மாளும் நானும் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தபோது, சங்கத்துக் கழுத்துத்துணி போட்ட ஒரு ரசிகை வழிமறித்தார். உங்கள் பையனை வளர்த்து ஆளாக்கியது இந்த ஊர், அவன் இப்படிச் செய்யலாமா என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். நான் எங்கே ஒளிவது என்று பார்த்தேன். கெல்லர் அம்மாள் மீதிச் சில்லறையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார். "வளர்த்திருக்கலாம். துணி துவைச்சது நான்."

அக்டோபரில் ஒரு டிக்கெட்

ஆகஸ்டில் வெர்னர் விமானம் ஏறினான். அக்டோபரில் புது சீசனின் முதல் ஆட்டம். கூட்டம் பாதிதான். ஜன்னலை மூடப் போகும் சமயத்தில், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கெல்லர் அம்மாள் வந்து நின்றார். மகன் ஆடிய நாளில் ஒரு தடவைகூட அரங்கத்துப் பக்கம் வராதவர். அவன் இடறி விழுவதைத் தன்னால் பார்க்க முடியாது என்பார்.

ஏதாவது கெட்ட செய்தியோ என்று எனக்குப் பயம். அவர் ஒரு டிக்கெட் கேட்டார். உங்களுக்கு ஆட்டமே புரியாதே, குளிரில் எதற்கு உட்கார வேண்டும் என்றேன். அவர் கைப்பையைத் திறந்து சில்லறையை எண்ணி வைத்தார். "புரிய வேண்டாம், ஹெர் ஸாமி. வீட்டு முற்றத்துல பந்து தட்டுற சத்தம் நின்னுபோச்சு. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுட்டுப் போறேன்."

அந்த வருஷம் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. என்னிடம் டிக்கெட் வாங்கியவர்களில் ஏமாறாமல் வீட்டுக்குப் போனவர் கெல்லர் அம்மாள் ஒருவர்தான்.